பூட்டிய வீட்டில் ஒரு தம்பி!

ராத்திரி பதினோரு மணிக்குப் போலீஸ் கதவைத் தட்டினால் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? எனக்கு பைக் இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. கட்டவில்லை.

இடம் மாமல்லபுரம். அக்கா வீடு. அக்காவும் மாமாவும் திருப்பதி போயிருந்தார்கள். என்னிடம் எப்போதோ கொடுத்து வைத்த இன்னொரு சாவி இருந்தது. ஆபீஸ், டார்கெட், டிராஃபிக் எல்லாவற்றுக்கும் டாட்டா காட்டிவிட்டு, கடல் காற்றில் ரெண்டு நாள் தூங்கலாமென்று யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை கிளம்பிப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தால் ஏட்டு ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் லத்தி.

"யார் சார் நீங்க?"

"இந்த வீட்டம்மாவோட தம்பி."

"திருடனும் அப்படித்தான் சொல்லுவான்" என்றார், துளிக்கூடக் கோபமில்லாமல்.

விஷயம் இதுதான். ஊருக்குப் போகுமுன் அக்கா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வீடு பூட்டியிருக்கும், ரவுண்ட்ஸ் வரும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பூட்டிய வீட்டில் லைட் எரிகிறது. உள்ளே லுங்கியோடு ஒருத்தன் மிக்ஸர் தின்றுகொண்டிருக்கிறான். பாவம், ஏட்டு என்ன நினைப்பார்?

அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச்டு ஆஃப். திருமலையில் போனை ஒப்படைத்துவிட்டுத்தானே தரிசனத்துக்குப் போகணும்! ஆதார் கார்டை நீட்டினேன். அதில் நான் யார் என்று இருந்தது. அக்காவுக்கு யார் என்று இல்லை. செல்லில் இருந்த அக்கா போட்டோவைக் காட்டினேன்.

"என் செல்லுல ரஜினி சார் போட்டோ இருக்கு. நான் அவர் தம்பியா? சரி, இந்த வீட்டு நாய் பேரு என்ன?"

முழித்தேன். சத்தியமாகத் தெரியாது. ஏட்டுக்குத் தெரிந்திருந்தது!

அடுத்து ஜீப்தான் என்று முடிவு செய்து சட்டையைத் தேடினேன். அவரோ பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். தெருவில் உள்ளவர்கள் போன் நம்பரெல்லாம் அதில் இருந்தது. எதிர்வீட்டுக்குப் போன் பண்ணினார். கல் பட்டறை வைத்திருக்கும் சிற்பி ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தில் டார்ச் அடித்தார்கள்.

"அட, இவரா! போன பொங்கலுக்கு வந்து கரும்பைக் கடிக்கிறேன்னு பல்லை உடைச்சுக்கிட்டவராச்சே!"

வாயைத் திறந்து காட்டினேன். உடைந்த பல் சாட்சி சொன்னது. கேஸ் தள்ளுபடி.

மறுநாள் காலை டீக்கடையில் அதே ஏட்டு. டீ வாங்கிக் கொடுக்கப் போனேன். முந்திக்கொண்டு அவரே காசு கொடுத்துவிட்டார். பேச்சு பீட் பற்றி வந்தது. ராத்திரி ரவுண்ட்ஸில் அங்கங்கே வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது, பூட்டிய வீடுகளைப் பார்ப்பது, சனி ஞாயிறில் பட்டணத்திலிருந்து வரும் பையன்களைக் கடலுக்குள் இறங்காமல் துரத்துவது.

"கையெழுத்து யார் வேணா போடலாம் சார். இந்தத் தெருவுல யாரு யாருக்கு என்ன வேணும்னு தெரியறதுதான் வேலை. 2019-ல பிரதமரும் சீன அதிபரும் வந்தாங்க, 2022-ல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. எங்க பார்த்தாலும் போலீஸ். ஆனா எந்தச் சந்து எங்க போய் முட்டும்னு உள்ளூர்க்காரன் எங்களைத்தான் கேட்டாங்க!"

1829-ல் லண்டனில் ராபர்ட் பீல் போலீஸ் படையைத் தொடங்கியபோதே கான்ஸ்டபிளுக்கு இவ்வளவு ஏரியா, அதை நடந்தே சுற்ற வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நம்ம கதை வேறு. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்ரவதை செய்கிறார்கள் என்று சென்னை மாகாணத்தில் ஒரு கமிஷன் 1855-லேயே ரிப்போர்ட் கொடுத்தது. அதற்குப் பிறகுதான், 1859-ல், மாகாணத்துக்குப் புது போலீஸ் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, பயம் போகவில்லை.

1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' திட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஜனங்களே போலீஸோடு கை கோப்பது. நல்ல யோசனைதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. செல்போன் கடை வைத்திருந்த மகனும் அப்பாவும் போலீஸ் பிடித்துப் போனபின் உயிரோடு வீடு திரும்பவில்லை. நண்பர்கள் மீதும் புகார் கிளம்ப, ஜூலையில் அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது.

இதை ஏட்டிடம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேவிட்டேன். "அது சின்ன ஊருதானே சார்? அவங்களையும் எல்லாருக்கும் தெரிஞ்சுதானே இருக்கும்?"

டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சா மட்டும் பத்தாது சார். நேத்து உங்களை நான் ரெண்டு தட்டு தட்டியிருந்தா, எதிர்வீட்டுக்காரர் என்னை ஏன்னு கேட்கணும். கேட்க அவருக்குப் பயம் இருக்கக் கூடாது. அந்தப் பயம் இருக்கற ஊர்ல நோட்டு வெச்சிருந்து என்ன பிரயோஜனம்?"

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். "ஏன்டா, சொல்லாம கொள்ளாம போவியா? நாய் பேரு மணிடா, கழுதை!"

சென்னையில் என் ஃப்ளாட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவுக்கு பீட் பார்க்கிற கான்ஸ்டபிள் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. எதிர் ஃப்ளாட்காரர் பெயர் நேற்றுவரை தெரியாது. ஒரு ராத்திரி யாராவது கதவைத் தட்டி, "நீ யாரு?" என்று கேட்டால், "விடுங்க சார், இவரை எனக்குத் தெரியும், எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்க அந்தக் கதவு திறக்குமா?

நேற்று சாயங்காலம் போய் பெல் அடித்தேன். கையில் அரை டஜன் வாழைப்பழம். லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்தே கேட்டார்:

"யாருங்க?"

பல்லைக் காட்டினேன். இங்கே அது செல்லாது போலிருக்கிறது. மெதுவாக என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.