தவற்றின் விலை அறிந்த தற்காப்பு

ஸ்காட்லாந்து பிரீமியர்ஷிப் காற்பந்து லீக்கின் 2021-22ஆம் ஆண்டு முடிவுப் பட்டியலை நிதானமாகப் படிப்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாக விளங்கும். சாம்பியன் பட்டம் வென்ற செல்டிக் 93 புள்ளிகள் பெற்றது. இரண்டாம் இடத்தில் நின்ற ரேஞ்சர்ஸ் 89 புள்ளிகள் பெற்றது. 38 ஆட்டங்களில் இவ்விரு சங்கங்களும் தோற்றவை தலா மூன்றுதான். செல்டிக் 6 ஆட்டங்களைச் சமநிலையில் முடித்தது. ரேஞ்சர்ஸ் 8 ஆட்டங்களை அவ்வாறு முடித்தது. ஆக, பத்து மாத காலம் கிளாஸ்கோ நகரத்து மக்களின் சித்தத்தை முழுவதும் ஆட்கொண்டிருந்த ஒரு பெரும் போட்டி, வெற்றியாக முடிந்திருக்கக்கூடிய இரண்டு ஆட்டங்கள் ஒரு தரப்புக்குச் சமநிலையில் நின்றுவிட்டதனால் தீர்மானமாயிற்று.

இவ்வளவு நெருக்கமான போட்டியில் வெற்றி பெற்ற அணியின் தற்காப்பு மையத்தில் நின்றவர் கேமரூன் கார்ட்டர்-விக்கர்ஸ் என்னும் அமெரிக்க தேசிய அணி ஆட்டக்காரர். அவருடைய அனுபவத்தை முன்வைத்து ஓர் அபிப்பிராயத்தை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் தகுதியை அளவிடும்போது, எதிரணிகள் எவ்வளவு வலிமை வாய்ந்தவை என்று மட்டும் கேட்பது போதாது. அவர் செய்யும் ஒரு தவறுக்கு அவருடைய அணி கொடுக்க நேரும் விலை என்ன என்பதையும், அந்த விலையைத் தாங்கிப் பழகுவதற்கு அவருக்கு எவ்வளவு அவகாசம் அளிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்து லீக்கின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் இதன் நியாயம் புலப்படும். 12 சங்கங்கள் முதலில் 33 ஆட்டங்கள் ஆடுகின்றன. அதன்பின் பட்டியல் மேல் ஆறு, கீழ் ஆறு என இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியிலுள்ள மற்ற ஐந்து சங்கங்களோடு மேலும் ஒருமுறை மோதுகிறது. 1984-85ஆம் ஆண்டில் அலெக்ஸ் பெர்குசனின் நிர்வாகத்தில் அபர்டீன் பட்டம் வென்றதற்குப் பின், செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் தவிர வேறெந்தச் சங்கமும் 2021-22 வரையில் அந்தப் பட்டத்தை அடைந்ததில்லை. அவ்வாண்டில் மூன்றாம் இடம் பெற்ற ஹார்ட்ஸ் எடுத்த புள்ளிகள் 61. அதாவது, ரேஞ்சர்ஸைவிட 28 புள்ளிகள் குறைவு. இதனைச் சுட்டிக்காட்டி, இரண்டே சங்கங்கள் ஆளும் லீக்கில் ஆடுவது எளிய காரியம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. இரு முன்னணி அணிகளும் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் வெல்லும் லீக்கில், சமநிலை என்பது தோல்விக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. சிறிய ஊரொன்றில், மழையில், கடைசி நிமிஷத்தில் விட்டுக்கொடுக்கும் ஒரு கோலை ஈடுசெய்யும் சந்தர்ப்பம் அப்பருவத்தில் பிறகு வராமலே போகலாம்.

இது வெறும் தர்க்கமன்று. ஸ்காட்லாந்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1965இல் கில்மார்னாக் சங்கம் கடைசி நாளில் ஹார்ட்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று வென்று, கோல் விகிதத்தினால் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. 1986 மே 3ஆம் தேதி, தோல்வியைத் தவிர்த்தாலே போதும் என்ற நிலையில் டண்டீ நகருக்குச் சென்ற அதே ஹார்ட்ஸ், ஆட்டத்தின் இறுதி நிமிஷங்களில் ஆல்பர்ட் கிட் என்பவர் அடித்த இரண்டு கோல்களால் வீழ்ந்தது. அன்று செயின்ட் மிர்ரன் அணியை 5-0 என்று வென்ற செல்டிக் பட்டத்தைக் கொண்டுபோயிற்று. 2003இல் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் தலா 97 புள்ளிகளோடு முடிக்க, ஒரே ஒரு கோல் வித்தியாசம் ரேஞ்சர்ஸுக்கு மகுடம் சூட்டியது. 2005இல், முன்னணியில் இருந்த செல்டிக், கடைசி நாளின் கடைசி நிமிஷங்களில் மதர்வெல் அணியின் ஸ்காட் மெக்டொனால்டுக்கு இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து, ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. இந்தத் தேசத்தில் தற்காப்பு ஆட்டக்காரராக இருப்பவர், இந்த நினைவுகளையெல்லாம் சுமந்திருக்கும் ஜனத்திரளின் முன்னிலையில் ஆடுகிறார்.

கார்ட்டர்-விக்கர்ஸ் அங்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. 1997 டிசம்பர் 31ஆம் தேதி இங்கிலாந்தின் சவுத்தெண்ட் நகரில் அவர் பிறந்தார். அவருடைய தந்தை ஹவார்ட் கார்ட்டர், லூயிசியானாவைச் சேர்ந்த அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர். தந்தை வழியில் கிடைத்த உரிமையால் மகன் அமெரிக்க இளைஞர் அணிகளில் ஆடி, 2017இல் போர்ச்சுகலுக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முறையாகக் களமிறங்கினார். சிறு வயதிலேயே லண்டனின் டாட்டன்ஹாம் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டு வளர்த்தது; ஆனால், அச்சங்கத்தின் சார்பில் ஒரு லீக் ஆட்டத்திலேனும் அவர் ஆடவில்லை. மாறாக, ஷெஃபீல்டு யுனைடெட், இப்ஸ்விச், ஸ்வான்சி, ஸ்டோக், லூட்டன், போர்ன்மத் என்று நான்கு ஆண்டுகளில் ஆறு சங்கங்களுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2021 ஆகஸ்டு 31ஆம் தேதி செல்டிக்குக்கு வந்தபோதும், ஏழாவது தடவையாகக் கடன் கொடுக்கப்பட்ட ஆட்டக்காரராகவே வந்தார்.

இந்தக் கடன் முறையைப் பற்றிச் சற்று ஆழ்ந்து யோசிப்பது அவசியம். முன்கள ஆட்டக்காரர் ஒருவர் தம் தனிச் சாமர்த்தியத்தினால் புதிய அணியில் ஒரு வாரத்திலேயே கீர்த்தி பெற்றுவிட முடியும். தற்காப்பு அப்படிப்பட்டதன்று. பக்கத்தில் நிற்கும் துணைவர் எப்போது முன்னேறுவார், எப்போது பின்வாங்குவார், கோல்காப்பாளர் எந்தப் பந்துக்கு வெளியே வருவார், எதற்குத் தம் எல்லையிலேயே நிற்பார் என்பனவெல்லாம் சொல்லிக்கொடுத்து ஒரு நாளில் வருவனவல்ல. மாதக்கணக்கில் ஒன்றாக ஆடி, ஒன்றாகத் தவறி, ஒன்றாகத் திருத்திக்கொண்டு வருவன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரும் சகாக்களும் பயிற்சியாளரும் மாறிக்கொண்டேயிருந்தால், ஒருவர் எவ்வளவு திறமை உடையவராயினும் இந்தப் பரஸ்பர ஞானம் வேரூன்ற இடமில்லை. பெரிய சங்கங்கள் தம் இளைஞர்களைப் பல திசைகளிலும் அனுப்பிவைத்து, அதற்கு அனுபவம் என்று பெயரிட்டு மனநிறைவு கொள்கின்றன. அலைச்சலில் சில பாடங்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால், தற்காப்புக்கு வேண்டிய முதற்பாடம் ஸ்திரத்தன்மை, அது அலைச்சலில் கிடைப்பதில்லை.

செல்டிக்கில் அது கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் ரேஞ்சர்ஸ் ஒரு தோல்வியும் இன்றி 102 புள்ளிகள் எடுத்துப் பட்டம் வென்றிருந்தது. செல்டிக் 25 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஜப்பானிலிருந்து புதிய பயிற்சியாளராக வந்த ஆஞ்ச் போஸ்டகோக்லூ, இடிந்துபோன அணியை ஏறக்குறைய அடித்தளத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. முதல் ஆறு லீக் ஆட்டங்களில் மூன்றில் தோல்வி. அவற்றில் ஒன்று ரேஞ்சர்ஸுக்கு எதிராக, கார்ட்டர்-விக்கர்ஸ் வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்னர் நேர்ந்தது. ராஸ் கவுண்டிக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே அவர் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 19ஆம் தேதி லிவிங்ஸ்டனில் தோற்றபின், எஞ்சிய 32 லீக் ஆட்டங்களில் செல்டிக் ஒன்றிலும் தோற்கவில்லை. அந்த 32 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்த கோல்கள் 18 மட்டுமே. இங்கிலாந்துக்காக 75 ஆட்டங்கள் ஆடிய ஜோ ஹார்ட் பின்னால் கோல்காப்பாளராகவும், சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஸ்டார்ஃபெல்ட் பக்கத்தில் துணைவராகவும் நிற்க, வாரந்தோறும் அதே கூட்டணி ஊறிப் பக்குவமடைந்ததன் பலன் அது.

2022 பிப்ரவரி 2ஆம் தேதி ரேஞ்சர்ஸை 3-0 என்று வென்று செல்டிக் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. ஏப்ரல் 3ஆம் தேதி ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டமே அந்தப் பருவத்தின் உண்மையான பரீட்சை. மூன்றாவது நிமிஷத்தில் ஆரன் ராம்சி கோல் அடித்து ரேஞ்சர்ஸை முன்னிலையில் நிறுத்தினார். டாம் ரோஜிக் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன்னர், ரேஞ்சர்ஸ் வீரர்கள் பந்தை முற்றாக அப்புறப்படுத்தத் தவறிய ஒரு தருணத்தில், கார்ட்டர்-விக்கர்ஸ் அதனை வலைக்குள் செலுத்தினார். கோல் எல்லையில் கண்ணாடித் துண்டுகள் கிடந்ததனால் இரண்டாம் பாதி தாமதமாகத் தொடங்கியது என்பதே அங்கு நிலவிய உக்கிரத்துக்குப் போதிய அத்தாட்சி. அவ்வாறிருந்தும், அந்தப் பாதி முழுவதும் செல்டிக் தற்காப்பு அசையாமல் நின்று 2-1 என்ற வெற்றியைக் காத்தது. முன்னிலை 6 புள்ளிகளாக உயர்ந்தது. கோலைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதற்குப் பிந்திய 45 நிமிஷக் காவலே அதைவிட அரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

அதே மாதம் 17ஆம் தேதி நடந்த ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதி, இந்தத் தொழிலின் மறுபக்கத்தையும் காட்டியது. கூடுதல் நேரத்தில் ஸ்டார்ஃபெல்டின் மேல் பட்ட பந்து சொந்த வலைக்குள்ளேயே புக, ரேஞ்சர்ஸ் 2-1 என்று வென்றது. ஒரு கோப்பை ஒரு கணத்தில் கைநழுவிற்று. ஆனாலும் மே 1ஆம் தேதி லீக்கில் மீண்டும் ரேஞ்சர்ஸைச் சந்தித்தபோது அந்தத் தற்காப்பு குலையவில்லை. 1-1 என்ற சமநிலை செல்டிக்கின் முன்னிலையைப் பாதுகாத்தது. மே 11ஆம் தேதி டண்டீ யுனைடெட்டுக்கு எதிராக எடுத்த ஒரு புள்ளி பட்டத்தை உறுதி செய்தது. தவறு நேர்ந்தபின் துணைவரைக் கைவிடாமல் அடுத்த ஆட்டத்துக்கு நிமிர்ந்து வருவதே தற்காப்பின் மேலான தர்மம். நெருக்கமான போட்டிதான் அதனைப் போதிக்கிறது.

வெளிநாட்டவர் என்ற நிலையும் இங்கே ஒரு துணை என்றே தோன்றுகிறது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளின் பசி தீர்க்கும் நோக்கத்தோடு 1887இல் தோன்றியது செல்டிக். 1872இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் காலப்போக்கில் புராட்டஸ்டண்ட் மக்களின் சங்கமாக அடையாளம் பெற்றது. மதம், குடியேற்றம், அரசியல் ஆகிய மூன்றும் பின்னிய இந்தப் பகைமை அந்நகரத்தில் பிறந்த குழந்தைக்கு வம்சச் சொத்தாக வந்துவிடுகிறது. அட்லாண்டிக்குக்கு அப்பாலுள்ள தேசத்தின் சட்டையை அணிபவருக்கு அந்தச் சுமை பிறப்பிலேயே வருவதில்லை. சமநிலைச் சித்தத்தோடு பந்தை நோக்கும் வாய்ப்பு அவருக்கு ஓரளவு கூடுதலாக உண்டு. எனினும், இந்த வாய்ப்பு எல்லாருக்கும் ஒரேவிதமாகப் பலித்துவிடுவதில்லை. அமெரிக்க அணித் தலைவராக இருந்த கார்லோஸ் போகநெக்ரா 2011இல் ரேஞ்சர்ஸின் தற்காப்புக்கு வந்தார். 2012 பிப்ரவரி 14ஆம் தேதி அச்சங்கம் கடன் பளுவால் நிர்வாகியின் கையில் ஒப்படைக்கப்பட்டு, 10 புள்ளிகள் கழிக்கப்பட்டபோது, அவ்வாண்டின் போட்டி நடைமுறையில் முடிந்துபோயிற்று.

இனி, அமெரிக்கத் தேசிய அணியின் பார்வையைக் கவனிப்போம். 2022 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச் சுற்றில் அமெரிக்கா ஆடிய 14 ஆட்டங்களில் ஒன்றிலும் கார்ட்டர்-விக்கர்ஸ் களமிறங்கவில்லை. மார்ச் 30ஆம் தேதி கோஸ்டாரிகாவில் அந்த அணி தகுதி பெற்றது. நான்கே நாட்களுக்குப் பின் ஐப்ராக்ஸில் அவர் வெற்றி கோல் அடித்தார். ஸ்காட்லாந்து லீக்கைத் தாழ்வாக மதிக்கும் மனோபாவத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. அதே பருவத்தில் செல்டிக், நார்வேயின் போடோ/கிளிம்ட் சங்கத்திடம் இரண்டு ஆட்டங்களிலுமாக 5-1 என்று தோற்று ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேறியது. அடுத்த பருவத்துச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் பெறவில்லை. பந்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அணியின் தற்காப்பு, வலிய தாக்குதலைத் தினந்தோறும் சந்திப்பதில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே.

ஆனால், அந்த ஆட்சேபத்துக்குள்ளேயே அதற்குரிய விடையும் அடங்கியிருக்கிறது. நீண்ட நேரம் வேலையின்றி நின்றுவிட்டு, எதிர்பாராத ஒரு கணத்தில், பின்னால் திறந்துகிடக்கும் பாதி மைதானத்தைத் தனியே காக்க வேண்டிய கடமை, இடையறாத தாக்குதலைத் தாங்குவதைவிட வேறுவிதமான ஜாக்கிரதையை வேண்டுவது. உலகக் கோப்பையில் வந்த ஒரு சந்தர்ப்பம் இதனை மெய்ப்பித்தது. 2022 நவம்பர் 29ஆம் தேதி தோஹாவில் ஈரானை வென்றால் மட்டுமே அமெரிக்கா அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியும். பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டர் அந்த ஆட்டத்துக்குத் தம் தற்காப்பில் ஒரு மாற்றம் செய்து, கார்ட்டர்-விக்கர்ஸைக் களமிறக்கினார். முதற்பாதியில் கிறிஸ்டியன் புலிசிக் அடித்த கோல் ஒன்றே அமெரிக்காவின் கையிருப்பு. ஒரு கோல் விட்டுக்கொடுத்தால் யாத்திரை முடிந்தது. 1-0 என்ற அந்த முன்னிலை இறுதிவரை நின்றது. ஒரு தவறும் பொறுக்காத சூழ்நிலைக்கு, ஒரு தவறும் பொறுக்காத லீக் பந்தயத்தில் பழகிய மனிதர் பயன்பட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2022 ஜூன் மாதத்தில் செல்டிக் அவரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டது. பல ஆண்டுகள் அலைய விடப்பட்ட திறமைக்கு ஓர் இல்லம் கிடைத்ததும் என்ன நிகழ்ந்தது என்பதை இளைஞர்களைக் கடன் கொடுக்கும் சங்கங்கள் சிந்திக்கட்டும்: தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை வெளியே அனுப்புவதானால், ஒரே சங்கத்துக்கு, குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு அனுப்பட்டும். தேசிய அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்வோர், லீக்குகளின் பெயர் வரிசையைப் பார்த்து மட்டும் மதிப்பெண் இடுவதை விட்டு, பட்டமோ வீழ்ச்சியோ ஒரு கோலில் தொங்கும் ஆட்டங்களில் அந்த மனிதர் எவ்வாறு நின்றார் என்று பார்க்கட்டும். பரந்த உலகில் சிறிய லீக்குகள் பல உண்டு. அவற்றின் பட்டப் போட்டி நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும், பெரிய லீக்குகளின் நடுப்பகுதியில் ஓய்வாக ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கிட்டாத ஓர் உயர்ந்த கல்வி அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கல்விக்கு உரிய மதிப்பை அளிப்பதே நியாயம்.