'பை'யா, 'டில்'லா?

"ஐ வில் பே டில் ஃப்ரைடே." வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பலர் எழுதும் வாக்கியம் இது. படிப்பவருக்கோ வெள்ளி வரை கட்டிக்கொண்டே இருப்பேன் என்று அர்த்தமாகும்! கெடுவுக்குள் ஒரு தடவையில் முடிகிற வேலைக்கு 'பை'. அதுவரை நீடிக்கிற செயலுக்கு 'டில்' அல்லது 'அன்டில்'.

ஆங்கிலம் வர வேண்டுமானால் தமிழில் யோசிக்காதே என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. 'வெள்ளிக்குள் கட்டு', 'வெள்ளி வரை காத்திரு' என்பதைத் தமிழில் யாராவது மாற்றிச் சொல்வார்களா? கிழமையோ தேதியோ சொல்லும்போது 'க்குள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'டில்'. 'இரண்டு நாளைக்குள்' என்று கால அளவு சொன்னால் மட்டும் 'வித்தின்'. அவ்வளவுதான்!

பணமும் தேதியும் உள்ள கடிதத்தை அனுப்பும் முன், ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள்.