தூங்கும் குழந்தையை யார் பிடிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை. மேற்குத் தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு இருந்தேன். வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பார்த்துவிட்டு மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரும்பிக்கொண்டு இருந்தார்கள்.

ஒரு ஸ்கூட்டர் வந்து நெரிசலில் நின்றது. ஓட்டியவர் அப்பா. பின்னால் அம்மா. நடுவில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். விளையாடிய களைப்பில் நன்றாகத் தூங்கிவிட்டது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

அம்மாவின் ஒரு கை குழந்தையை அணைத்து இருந்தது. இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை.

போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். ஸ்கூட்டர் வெடுக்கென்று கிளம்பியது. குழந்தை பக்கவாட்டில் நழுவியது!

"ஐயோ, புள்ள!" என்று பூ விற்றுக்கொண்டு இருந்த அம்மாள் கத்திவிட்டார்.

தாய் கூடையைப் போட்டுவிட்டுக் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

பூக்கார அம்மாள் என்னிடம் சொன்னார்:

"தினம் தினம் இதே கதிதான் சார். ஒரு துணியைப் போட்டாவது கட்டிக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் துணியால் அல்ல. துணி முடிச்சு அவிழும். அதன் நுனி சக்கரத்தில் சிக்கும். இதற்கென்றே பாதுகாப்பு வார் இருக்கிறது. கடையில் "பெல்ட்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது வெறும் யோசனை அல்ல, சட்டம்.

2022-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து, 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஏற்றிச் சென்றால் மூன்று காரியங்கள் கட்டாயம்.

ஒன்று: குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்து வார் கட்ட வேண்டும்.

இரண்டு: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு, அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் போட வேண்டும்.

மூன்று: 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம்.

சட்டம் வந்துவிட்டது. வார் வந்ததா? தாம்பரத்தில் இருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வார் கட்டிய குழந்தை ஒன்று கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்!

நாற்பது என்றால் எவ்வளவு?

"நான் மெதுவாகத்தானே போகிறேன்" என்று அப்பாக்கள் சொல்வார்கள்.

40 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒரு வினாடிக்கு 11 மீட்டர். "அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு வீட்டைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் போய் மோதுவதும், ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதும் ஒன்று. அதாவது இரண்டாவது மாடியில் இருந்து விழுவது போல!

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று அம்மாக்கள் சொல்வார்கள்.

தாயின் அன்பில் குறை இல்லை. கையின் பலத்துக்குத்தான் எல்லை இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, கண் இமைக்கும் நேரத்தில் நின்றால், பத்துக் கிலோ குழந்தை எண்பது கிலோ மூட்டையைப் போல இழுக்கும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்?

நியாயமான ஒரு சந்தேகம்

"வண்டி சாய்ந்தால், கட்டிய குழந்தையும் சேர்ந்து விழுமே?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

விழும். மறுக்கவில்லை. மோதலில் வார் மட்டும் உயிரைக் காத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் விதியில் ஹெல்மெட்டும் வேகக் கட்டுப்பாடும் சேர்ந்து இருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டி சாயாமலே குழந்தை விழுகிறதே! தூக்கத்தில் நழுவுகிறது. வேகத்தடையில் துள்ளுகிறது. பள்ளத்தைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால் சரிகிறது. பின்னால் லாரி வருகிறது. இந்த விழுதலைத்தான் வார் தடுக்கிறது.

ஏன் கட்டுவது இல்லை?

நான் விசாரித்த வரையில் பதில் ஒன்றுதான். "வாங்கினோம் சார். பிள்ளை அழுகிறது. கழற்றி வைத்துவிட்டோம்."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உறுத்துகிற வாரை எந்தக் குழந்தையும் போட்டுக்கொள்ளாது. சௌகரியம் இல்லாத பாதுகாப்பு பரணுக்குத்தான் போகும். ஆகையால் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். வாங்கியபின் அளவு பார்த்துக் கட்டவும் வேண்டும்.

தாம்பரம் விமானப்படைத் தளம் நமக்குத் தெரிந்ததே. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உண்டு. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், தோள் வாரையும் இடுப்பு வாரையும் இழுத்துச் சரிசெய்யாமல் விமானி விமானத்தைக் கிளப்ப மாட்டார். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் மூழ்குகிறவரும் அப்படித்தான். வார் தளர்ந்தால் உருளை முதுகில் ஆடும். இறுகினால் மூச்சு முட்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? தூளி கட்டும் நம் பாட்டியைப் பாருங்கள். கட்டி முடித்ததும் குழந்தையைப் போட்டுவிட மாட்டார். இரண்டு கையாலும் கீழே இழுத்து, பலம் பார்த்த பிறகே போடுவார். அந்தப் புத்திதான் இங்கும் வேண்டும்.

பார்த்து வாங்குங்கள்

குழந்தை மாட்டிக்கொள்ளும் மேல்சட்டை. அதில் இருந்து ஓட்டுபவரின் தோளுக்கு இரண்டு பட்டைகள். வார் என்பது இவ்வளவுதான்.

லேசாக இருக்க வேண்டும். தண்ணீருக்குக் கெடாததாக இருக்க வேண்டும். கனமான நைலானில் செய்து, உள்ளே மெத்தை வைத்திருக்க வேண்டும். 30 கிலோ எடை தாங்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும். இவை எல்லாம் விதியிலேயே சொல்லப்பட்டவை.

நான் சேர்ப்பது இரண்டு. பட்டை அகலமாக இருக்கட்டும். மெல்லிய பட்டை வெட்டும். பக்கிள், பெரியவர் அழுத்தினால் திறக்க வேண்டும்; குழந்தை விளையாட்டாக இழுத்தால் திறக்கக் கூடாது. முடிந்தால் குழந்தையையும் கடைக்கு அழைத்துப் போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அளவாகக் கட்டுங்கள்

முதல் நாளே ரோட்டுக்குப் போகாதீர்கள். வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பழக்குங்கள். அதை ஒரு விளையாட்டு ஆக்குங்கள்.

முதலில் குழந்தையின் மேல்சட்டையைப் பூட்டுங்கள். பிறகு அப்பாவின் தோள் பட்டைகள். கடைசியில் இடுப்புப் பட்டை இருந்தால் அது.

பட்டை முறுக்கிக்கொள்ளக் கூடாது. கழுத்தில் உராயக் கூடாது. வாருக்கும் குழந்தையின் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. ஒன்றுகூட நுழையாவிட்டால் இறுக்கம்.

குழந்தையின் கால் சைலன்சரில் படுகிறதா, சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்பாவின் முதுகில் ஆபீஸ் பை கூடாது. அந்த இடம் குழந்தைக்கு உரியது.

நம் ஊர் வெயில் தெரிந்ததே. வாருக்கு அடியில் பருத்திச் சட்டை போடுங்கள். இறங்கியதும் தோளிலும் அக்குளிலும் சிவந்து இருக்கிறதா என்று பாருங்கள். சிவந்து இருந்தால் பட்டையை மாற்றி அமையுங்கள்.

மழைக்கோட்டு போட்டால் அளவு மாறும். குழந்தை வளர்ந்தால் அளவு மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை தையலைப் பாருங்கள். பிரிந்து இருந்தால் அதை நம்பாதீர்கள்.

இறங்கும்போது ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொண்ட பிறகே பக்கிளைத் திறக்க வேண்டும்.

கைக்குழந்தையை ஸ்கூட்டரில் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு எந்த வாரும் துணை ஆகாது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-ம் ஆண்டு முதல் மின்சார ரெயில் ஓடுகிறது. பஸ் இருக்கிறது. ஒரு மணி நேரம் கூட ஆனாலும் போகட்டுமே!

கடைக்காரர்களும் கவனிக்கட்டும்

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. விதி வந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. வண்டி விற்கிற கடையில் விலையைச் சொல்கிறார்கள், மைலேஜ் சொல்கிறார்கள். "வீட்டில் சிறு குழந்தை உண்டா?" என்று யாராவது கேட்கிறார்களா? கேட்க வேண்டும். ஒரு வாரை எடுத்துக் கட்டிக் காட்ட வேண்டும். தடுப்பூசி போட வரும் தாய்மாருக்கு ஆஸ்பத்திரியிலும், பிள்ளையை விட வரும் தாய்மாருக்கு அங்கன்வாடியிலும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அபராதம் போடுவது அதற்குப் பிறகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் குழந்தைகள் வண்டலூருக்குப் போவார்கள். யானையைப் பார்ப்பார்கள். களைத்துப்போய், திரும்பும் வழியில் தூங்குவார்கள்.

தூங்கட்டும். அப்பாவின் முதுகில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கட்டும். அந்தத் தூக்கத்துக்குக் காவலாக ஒரு வார் இருக்கட்டும்!