பட்டாயாவோடு திரும்பிவிட வேண்டாம்

நமது வணிகப் பெருமக்களில் பலர் இன்று தாய்லாந்து போய் வருகிறார்கள். சோப்பு, பிஸ்கட், எண்ணெய், டீத்தூள் கம்பெனிகள் டார்கெட் முடித்த டீலர்களை நான்கு நாள் பாங்காக், பட்டாயா என்று அழைத்துச் செல்கின்றன. சொந்தச் செலவில் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கடற்கரை, படகுச் சவாரி, பவளத்தீவு, இரவு நேர ஆட்டம் பாட்டம் என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது.

உல்லாசத்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வருஷம் முழுவதும் கல்லாவை விட்டு நகர முடியாதவருக்கு நான்கு நாள் ஓய்வு நியாயமானதே. ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு பகலையாவது பட்டாயாவின் பக்கத்து ஊர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மளிகை வியாபாரிக்குத் தெரிந்துகொள்ள வேண்டியவை அந்த ஊர்களில்தான் இருக்கின்றன.

ஒரே சாலையில் நான்கு ஊர்கள்

பாங்காக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில், சோன்புரி மாகாணத்தில் இருக்கிறது பட்டாயா. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து பெருக்கிய ஊர் அது. அதற்கு முன் மீனவர் குப்பம். பாங்காக்கில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரையை ஒட்டிப் போகும் சுகும்வித் சாலையில்தான் நாம் சொல்லும் ஊர்களும் வரிசையாக அமைந்திருக்கின்றன.

பட்டாயாவிலிருந்து வடக்கே அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் ஸ்ரீராச்சா வரும். போகும் வழியில்தான் லாம் சபாங் துறைமுகம். 1991இல் திறக்கப்பட்ட இதுதான் இன்று தாய்லாந்தின் மிகப்பெரிய கண்டெய்னர் துறைமுகம். ஸ்ரீராச்சா என்ற பெயர் நமக்கு விளங்கும் ‘ஸ்ரீ ராஜா’ என்பதே. உலகமெங்கும் ஓட்டல் மேஜைகளில் நிற்கும் ஸ்ரீராச்சா சாஸ் இந்தச் சிறிய கடற்கரை ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்தது. மிளகாய், பூண்டு, சர்க்கரை, உப்பு, வினிகர், சரக்கு அவ்வளவுதான்.

அதற்கும் வடக்கே பாங்சேன். வெளிநாட்டார் அதிகம் வராத கடற்கரை இது. பாங்காக் குடும்பங்கள் சனி, ஞாயிறுகளில் வந்து குடை நிழலில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுப் போகின்றன. ஊரை ஒட்டி, பிரதான சாலையிலேயே நோங்மோன் சந்தை இருக்கிறது. அங்கே பேர் பெற்றது ‘காவ்லாம்’. ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பால், சர்க்கரையோடு மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுட்ட பண்டம். நமது கவுனி போன்ற கருப்பரிசியிலும் செய்கிறார்கள். கூடவே கருவாடு, காய்ந்த கணவாய், இறால், மிட்டாய் வகைகள். கடைக்குக் கடை ஏறக்குறைய அதே சரக்கு. ஆனாலும் எல்லாக் கடைக்கும் வாடிக்கை உண்டு.

பாங்சேனுக்கு அடுத்தது ஆங்சிலா. ‘சிலா’ என்பது வடமொழியில் கல். பெயருக்கேற்ப கருங்கல் உரலும் குழவியும் விற்கும் ஊர் இது. தாய்லாந்துச் சமையலில் மசாலா இடிக்க உரல் இன்னும் அவசியம் என்பதால் வியாபாரமும் நடக்கிறது. அம்மிக்கல்லை வாசலுக்குத் தள்ளிவிட்ட நாம் ஒரு தடவை பார்க்க வேண்டிய கடைத்தெரு.

தெற்குத் திசையில் போனால் சிறு மீனவர் ஊரான பாங்சரேயும், அதைத் தாண்டி ராயோங் மாகாணத்தில் பான்பே என்ற படகுத்துறையும் வரும். கோ சமேத் தீவுக்குப் படகு ஏறும் இடம் இதுதான். துறையை ஒட்டிய கடைகளில் கருவாடும், இறால் விழுதும், நெத்தலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாறும் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்த ஊர்களை எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. தாய்லாந்தில் 7-லெவன் கடை 1989இல் முதன்முதலாகத் திறந்தது. 2023 முடிவில் அதன் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டிவிட்டது. அதை நடத்தும் குழுமம் 2013இல் மக்ரோ என்ற மொத்த விற்பனை நிறுவனத்தையும், 2020இல் டெஸ்கோவின் கடைகளையும் வாங்கிக்கொண்டது. மொத்தமும் சில்லறையும் ஒரே கையில்! தெருமுனையில் இருந்த பழைய மளிகைக் கடைக்காரர் நிலை என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே 7-லெவன் 2021 அக்டோபரில் மும்பையில் கடை திறந்திருக்கிறது. ஆகவே இது யாரோ ஊரான் கதை அல்ல.

அப்படிப்பட்ட நாட்டில் நோங்மோன் சந்தைக்காரர் எப்படி நிற்கிறார்? பெரிய கடையிலும் கிடைக்கும் சோப்பையும் பிஸ்கட்டையும் அவர் நம்பியிருக்கவில்லை. ஊர்ப் பெயரோடு சேர்ந்து விலை போகும் சரக்கை அவர் விற்கிறார். பாங்சேன் வந்தவன் காவ்லாம் வாங்காமல் வீடு திரும்பினால் வீட்டில் கேள்வி வரும். அந்த வழக்கம்தான் அவருக்கு முதல். இதை உணர்ந்தே தாய்லாந்து அரசு 2001இல், ஜப்பானைப் பார்த்து, ‘ஒரு தம்போன், ஒரு பொருள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தம்போன் என்றால் சில கிராமங்கள் சேர்ந்த வட்டாரம். பொருளின் தரத்துக்கு நட்சத்திரம் போட்டு விற்பனைக்கு வழி செய்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஸ்ரீராச்சாவின் பெயரை வைத்து அதிகப் பணம் பார்த்தது அந்த ஊர் அல்ல. வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா போன ஒருவர் 1980இல் அங்கே தொடங்கிய கம்பெனியின் சேவல் படம் போட்ட பாட்டில்தான் உலகம் சுற்றியது. பிறகு யார் வேண்டுமானாலும் தங்கள் சாஸுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. ஊர்ப் பெயரைக் காபந்து செய்யாவிட்டால் இதுதான் கதி.

நம்மிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு, உடன்குடி பனங்கருப்பட்டி ஆகியவை 2023இலும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் உடன்குடிக் கருப்பட்டி என்று சொல்லிச் சீனிப்பாகு கலந்ததை விற்கிறவர் நம்மிடையே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டினால் மட்டும் ஊர்ப் பெயர் நிற்காது. கடையில் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

டீலர் டூர் பற்றி ஒரு வார்த்தை

டூர் இலவசம் என்று நினைப்பது தவறு. வருஷக் கடைசியில் டார்கெட்டை எட்ட வேண்டும் என்று, விற்காத சரக்கைக் கோடவுனில் ஏற்றிக்கொண்டு, வங்கி வட்டி கட்டி, பிறகு நஷ்டத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற கணக்கு அது. ஏற்றிய சரக்கின் வட்டியையும், தேதி முடிந்து தங்கியதையும் கூட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக் காசில் போகிறவருக்கு ஒரு சௌகரியமும் உண்டு. கம்பெனிக்காரர் காட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தியர்களுக்கு விசா விலக்கு 2023 நவம்பரில் அளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அது 60 நாளாயிற்று. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும்போது விசாரித்துக்கொள்ளவும். 2025 மே முதல் வருகை அட்டையைப் புறப்படுமுன் கம்ப்யூட்டர் வழியே பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். நான்கு பேர் சேர்ந்து கார் பேசிக்கொண்டால் ஸ்ரீராச்சா, பாங்சேன், ஆங்சிலா மூன்றையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். சைவர்கள் காய்கறிக் குழம்பு என்று நம்பி ஏமாற வேண்டாம். அதிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ‘ஜே’ என்று எழுதிய மஞ்சள் கொடி உள்ள கடையில் சுத்த சைவம் கிடைக்கும். வெங்காயம், பூண்டுகூட இராது.

இனிமேல் போகிற உறுப்பினர்கள் எப்படிக் கட்டுகிறார்கள், எப்படி அடுக்குகிறார்கள், ஊர்ப் பெயரை அட்டையில் எங்கே போடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டுகிறோம். நாலு பேர் பார்த்ததை நாற்பது பேர் கேட்டால், பெரிய கடைகள் நம் தெருவுக்கு வரும் நாளில் நமது அலமாரியில் வைக்க நமக்கென்று ஒரு சரக்கு இருக்கும்.