பச்சிளம் குழந்தைக்கு பவுன்சரா, மின் ஊஞ்சலா? ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க!

குழந்தை பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஷாப்பிங் செயலிகள் வந்தபிறகு அந்தக் கட்டுப்பாடெல்லாம் எடுபடுவதில்லை. ஏழாம் மாதத்திலேயே கார்ட் நிரம்பிவிடுகிறது. அதில் தவறாமல் இடம்பிடிக்கும் இரண்டு பொருட்கள், பவுன்சர் மற்றும் மின் ஊஞ்சல். குழந்தை அழாமல் இருக்கும், நிம்மதியாகத் தூங்கும், அம்மாவின் கைக்கும் ஓய்வு கிடைக்கும் என்பதுதான் இவற்றை வாங்க வைக்கும் நம்பிக்கை.

இதில் 'தூங்கும்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கலே இருக்கு. அமெரிக்காவில் கடந்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் ஊஞ்சல்களும் சாய்வுப் படுக்கைகளும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதற்கும் அதுதான் காரணம். என்ன நடந்தது? நம் வீட்டுக்கு இது தேவையா? பார்க்கலாம்.

பவுன்சர், ஊஞ்சல்... என்ன வித்தியாசம்?

பவுன்சர் என்பது வளைந்த கம்பிச் சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டிய சின்ன சாய்வு இருக்கை. குழந்தை காலை உதைத்தால் அதுவே லேசாகத் துள்ளும். இல்லையென்றால் பெரியவர்கள் காலால் ஆட்டிவிடலாம். சில மாடல்களில் பேட்டரியில் இயங்கும் அதிர்வு வசதி உண்டு. ராக்கர் என்று விற்கப்படுவதும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். அடிப்பகுதி மட்டும் சாய்வு நாற்காலி போல வளைந்திருக்கும்.

மின் ஊஞ்சலில் மோட்டார் இருக்கும். பேட்டரியிலோ கரன்ட்டிலோ தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். வேகத்தை மாற்றலாம், பாட்டு போடலாம். விலையும் பவுன்சரைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டில் அடைக்கும் இடமும் அதிகம்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். இரண்டுமே குழந்தையைச் சாய்ந்த நிலையில் வைக்கும் இருக்கைகள். படுக்கைகள் அல்ல.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

2009-ல் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டிலை அறிமுகம் செய்தது. இரவு முழுக்கக் குழந்தையைத் தூங்க வைக்கலாம் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் அது. 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட நிலையில், 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களும் திரும்பப் பெறப்பட்டன.

கதை அதோடு முடியவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதே பொருளுக்கு மீண்டும் எச்சரிக்கை விடுத்தது. அதற்குள் பதிவான மரணங்களின் எண்ணிக்கை சுமார் 100-ஐத் தொட்டிருந்தது. அதில் குறைந்தது 8 குழந்தைகள், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகு இறந்தவர்கள். அதாவது, ஆபத்து என்று அறிவித்த பிறகும் அந்தத் தொட்டில் வீடுகளில் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

இடையில் 2022 மே மாதம் அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. குழந்தைகள் தூங்குவதற்கென விற்கப்படும் படுக்கை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அதைத் தயாரிக்கவோ விற்கவோ தடை. ஆனால் பவுன்சரும் ஊஞ்சலும் இந்தத் தடைக்குள் வரவில்லை. ஏன் தெரியுமா? அவை தூங்குவதற்கான பொருட்களே இல்லை என்பதால்தான்! 'இதில் தூங்க வைக்காதீர்கள்' என்பதுதான் அவற்றை விற்பதற்கான அடிப்படையே.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. 2009 முதல் 2021 வரை ஃபிஷர்-பிரைஸின் ராக்கர்களில் குறைந்தது 13 குழந்தைகள் இறந்ததாகப் பதிவானதை அடுத்து, 2022 ஜூனில் ஒரு எச்சரிக்கை வெளியானது. 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட 'ஸ்னூகா' ஊஞ்சல்கள் திரும்பப் பெறப்பட்டன. அதில் தூங்க வைக்கப்பட்ட 5 குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஐந்து பேருமே 1 முதல் 3 மாதக் குழந்தைகள். பெரும்பாலான சம்பவங்களில் பெல்ட் போடப்படவில்லை, கூடுதலாகத் துணியோ போர்வையோ வைக்கப்பட்டிருந்தது.

சாய்வில் தூங்கினால் என்ன ஆகும்?

பிறந்த குழந்தையின் தலை, மொத்த உடல் நீளத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. உடம்புக்கு அது பெரிய பாரம். அதைத் தாங்கும் கழுத்துத் தசைக்கோ இன்னும் பலம் வரவில்லை. சாய்ந்த நிலையில் தூங்கும்போது தலை முன்பக்கமாகக் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் போய் முட்டுகிறது. மென்மையான, குறுகிய மூச்சுக்குழாய் அப்போது மடங்கிவிடலாம். பெரியவர்களாக இருந்தால் திணறி எழுந்துவிடுவோம். பச்சிளம் குழந்தையால் தலையைத் தூக்க முடியாது. சத்தமும் வராது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு, ஏன், அருகில் இருப்பவருக்கே 'குழந்தை நல்லா தூங்குது' என்றுதான் தோன்றும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. சாய்வான பரப்பில் குழந்தை புரள்வது எளிது. புரண்டபின் மெத்தென்ற பக்கவாட்டுத் துணியில் முகம் புதைந்தால், திரும்பி வரத் தேவையான பலம் அதற்கு இருக்காது.

அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் 2022-ம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். பரப்பு சமதளமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் கூடாது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று நம் வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணைக்கும் இது பொருந்தும்.

'பால் கக்குது, அதனால் சாய்வா படுக்க வைக்கிறேன்' என்று சொல்பவர்கள் உண்டு. தலைப்பக்கத்தை உயர்த்துவது பால் எதுக்களிப்பைக் குறைப்பதில்லை என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. தொடர்ந்து பால் கக்கினால் மருத்துவரைப் பாருங்கள். தீர்வு ஊஞ்சலில் இல்லை.

தேவையும் ஆபத்தும் ஒரே நேரத்தில்!

குழந்தைகளின் அழுகை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதங்களில் தானாகவே குறையும். ஆக, ஆட்டிவிட ஒரு கருவி கிடைத்தால் தேவலை என்று பெற்றோர் ஏங்குவது முதல் மூன்று மாதங்களில்தான்.

ஸ்னூகா ஊஞ்சலில் இறந்த குழந்தைகளின் வயதைத் திரும்பப் பாருங்கள். அதே 1 முதல் 3 மாதம்! கழுத்து நிற்காத அந்த மாதங்களில்தான் இந்த இருக்கைகளின் ஆபத்தும் அதிகம். உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் இவற்றை நம்பியிருக்க முடியாது. நம்பலாம் என்ற நிலை வரும்போது தேவை பாதியாகக் குறைந்திருக்கும்.

கணக்கும் அதையே சொல்கிறது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பால் குடிக்க, ஈரத்துணி மாற்ற, குளிப்பாட்ட என்று போய்விடும். மிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குத்தான் இந்த இருக்கை. குழந்தை தானாக உட்கார முயற்சி செய்யத் தொடங்கியதும் அதையும் நிறுத்திவிட வேண்டும். அதிகபட்சம் ஆறு மாதப் பயன்பாடு.

அப்போ நம்ம ஊர் தூளி?

'நாமெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம்' என்ற கேள்வி வரும். நியாயம்தான். ஆனால் மூச்சுக்குழாய்க்கு அமெரிக்க ஊஞ்சலும் ஒன்றுதான், அம்மாவின் நூல் சேலையும் ஒன்றுதான். சேலை ஆழமாகத் தொங்கினால் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படும். முகத்தைத் துணி மூடினால் வெளியே தெரியாது.

தூளிக்கு இருந்த பெரிய பாதுகாப்பு, வீட்டில் இருந்த ஆட்கள். ஆட்டிவிட ஒரு பாட்டியோ அத்தையோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இன்று அந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது. மோட்டார் ஆட்டும், ஆனால் பார்த்துக்கொள்ளாது.

இன்னொன்று, குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து வையுங்கள். வளர்ந்த பிள்ளைகள் அதில் ஆடி விளையாடும்போது சேலை கழுத்தில் இறுகி உயிரிழக்கும் செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

*எதற்காக வாங்குகிறீர்கள்?* தூங்க வைக்க என்றால் வேண்டாம். குளிக்கவோ சாப்பிடவோ பத்து, இருபது நிமிடம், விழித்திருக்கும் குழந்தையைக் கண்ணெதிரே வைக்க ஓர் இடம் வேண்டும் என்றால் சாதாரண பவுன்சரே போதும். மோட்டார் தேவையில்லை.

*முதல் மூன்று மாதம் குழந்தை எங்கே இருக்கும்?* அம்மா வீட்டில் என்றால் தூக்கி வைத்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். பொறுத்திருந்து, தனிக்குடித்தனம் திரும்பும்போது யோசிக்கலாம். அதற்குள் கழுத்தும் ஓரளவு நின்றிருக்கும்.

*சமதளமான படுக்கை இருக்கிறதா?* இல்லையென்றால் பணம் முதலில் அதற்குப் போகட்டும். இறுக்கமான மெத்தையுடன் பக்கங்கள் உயர்ந்த ஒரு கட்டில் தொட்டில்தான் முதல் செலவு.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் 'எங்க பாப்பா யூஸ் பண்ணினது' என்று கொண்டுவந்து தந்தால், வாங்கி வைக்கும் முன் மாடல் பெயரை அந்த நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட பொருளாக இருந்தால் அடுத்தவருக்குக் கொடுக்காமல், உடைத்துப் போட்டுவிடுவதே நல்லது. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால், மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சாய்வு இருக்கையும் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?

* தரையில் மட்டும் வையுங்கள். மேஜை, சோபா, கட்டில் மேல் வைத்தால் குழந்தை உதைக்கும் உதையில் நகர்ந்து விழும்.
* ஒரு நிமிடத்துக்கென்றாலும் பெல்ட்டைப் போடுங்கள்.
* கழுத்துக்கு அணைப்பாக என்று துணி, தலையணை எதையும் சேர்க்காதீர்கள்.
* தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், ஆளில்லா ஊஞ்சலின் பெல்ட் தொங்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் '4மாம்ஸ்' நிறுவனத்தின் 20 லட்சத்துக்கும் அதிகமான ஊஞ்சல்களும் ராக்கர்களும் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். தொங்கிய பெல்ட் கழுத்தில் சிக்கி 10 மாதக் குழந்தை ஒன்று இறந்திருந்தது.
* தூங்கிவிட்டால், தூக்கிச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

கடைசி விதிதான் கஷ்டமானது. ஒரு மணி நேரம் அழுத குழந்தை இப்போதுதான் கண் மூடியிருக்கும். தூக்கினால் எழுந்துவிடும் என்று தெரியும். 'அப்பாடா' என்று பெருமூச்சு விடும் அந்த நொடியில்தான் தூக்கியாக வேண்டும்.

காசு செலவில்லாத ஒரு வழி

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மைய விஞ்ஞானிகள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் சீராக நடந்தால் அழுகை அடங்குகிறது, பல குழந்தைகள் தூங்கியும் விடுகின்றன. உடனே படுக்கையில் போட்டால் விழித்துக்கொள்ளும். தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்க வைத்தால், விழிக்கும் வாய்ப்பு குறைவு. 21 குழந்தைகளிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் முயன்று பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அந்த நடையை அம்மா மட்டுமே நடக்க வேண்டும் என்றும் இல்லை. அப்பா நடக்கலாம், தாத்தா நடக்கலாம். யாருமே இல்லாமல், அழுகை தாங்க முடியாமல் போனால், குழந்தையைச் சமதளத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டிலில் கிடந்து சற்று நேரம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.