‘சொறிநாய்’ என்னும் சொல் மறைப்பது

ஆண்டாப் ஹில்லில் மழைக்காலத்தில் ஒரு தெருநாய் காலைத் தூக்கியபடி முனகிக் கிடந்தால், நம்மவர் வாயில் முதலில் வரும் சொல் ‘சொறிநாய்’. வசைச்சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் சாதியைத் தோண்டியெடுக்கும் ஆய்வு நண்பர்களும் இச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். சுட்டிக்காட்டினால், “சொல்லால் நாய் சாகுமா?” என்று சிரிக்கின்றனர்.

சாகும். எப்படியென்று சொல்கிறேன்.

சொறி பெரும்பாலும் உண்ணிப்பேன் போன்ற நுண்பூச்சிகளால் வருவது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் இழுப்பது. தசையுறை அழுகல் நோய் அப்படியன்று. கடிபட்ட சிறு காயத்தின் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் போன்ற பாக்டீரியா உள்ளே இறங்குகிறது. மேல்தோலில் சற்றே சிவப்பும் வீக்கமும்தான் தெரியும். வலியோ காயத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. ஓரிரு நாளில், சிலபோது சில மணிநேரத்திலேயே, தோல் கறுத்து, நச்சு இரத்தத்தில் கலந்து நாய் சரிகிறது. செத்த சதையை உடனே அறுத்தெடுப்பதே முதல் மருத்துவம். உடன் நரம்புவழி நீரும் தகுந்த நுண்ணுயிர்க்கொல்லியும் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் நாவு, “சொறிதானே, பிறகு பார்க்கலாம்” என்று அந்த மணிநேரங்களைத்தான் தின்றுவிடுகிறது. பார்த்தாலும் மஞ்சள், டர்பென்டைன், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொடுக்கப்படும் என்ரோபிளாக்சசின் இக்கிருமியிடம் வலுவற்றது. அது கிருமிக்குள் உறங்கும் வைரசைத் தூண்டி, அவ்வைரசிலுள்ள நச்சுப்புரத மரபணுவையும் எழுப்புகிறது என 2003இல் வெளிவந்த ஆய்வகச் சோதனை காட்டியது.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி, 22ஆம் நாள் அவ்வாணையைத் திருத்தியது. அவ்விடைவெளியில் நம் பல்கலைக்கழகக் குழுக்களில் எத்தனை பதிவுகள்! கடி, எண்ணிக்கை, கருத்தடை. இவற்றைத் தாண்டி ஒருவரும் பேசவில்லை. 2023ஆம் ஆண்டு விதிகளின் மையமும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியுமே. தீராநோயுற்ற நாய்க்குக் கருணைக்கொலை உண்டு. தீரக்கூடிய நோயைத் தீராததாக்கும் தாமதத்திற்கு யார் பொறுப்பு?

“குடிசைவாழ் மனிதருக்கே மருத்துவமில்லை, நாய்க்கு என்ன?” என்பது அடுத்த அம்பு. மதிக்கத்தக்க கேள்வி, ஆனால் தவறான இடத்தில் எய்யப்படுவது. அதே மருந்துக்கடை, அதே அரைகுறை மாத்திரை, அதே மருந்தெதிர்ப்புக் கிருமிகள். நாயின் புண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் மனிதரையும் தொற்றும். நாயோடு படுத்துறங்கும் சிறுவர்கள் நம் பகுதியில்தான் இருக்கின்றனர், கருத்தரங்க அறைகளில் அல்லர்.

பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886இல் பரேலில் தொடங்கியது. விலங்கு மருத்துவமனையும் அங்கேயே உண்டு. ஆண்டாப் ஹில்லிலிருந்து டாக்சியில் எட்டிவிடும் தொலைவு. சிறு வீக்கத்தைத் தொடுமுன்பே ஒரு நாய் அலறினால் அது சொறியன்று. கையுறையோ பழந்துணியோ சுற்றித் தூக்குங்கள். அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள், மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள்.