உறங்காத இரவுகள்

மறதிநோய் கண்ட பெரியவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால், பெற்றவரைத் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் பேசும். அப்பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் பெயர் மறந்துபோயிற்று என்பதற்காகக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒருவரை அனுப்புவதில்லை. இரவில் எழுந்து நடமாடுதல், சிறுநீரும் மலமும் அடக்க இயலாமை, சந்தேகம், சினம், விழுந்து எலும்பு முறிதல் ஆகியவையே அந்நிலைக்குக் கொண்டுசெல்கின்றன. இவற்றைத் தாங்குபவர் ஒருவராகவே இருந்து, அவருக்கும் உறக்கம் இல்லாமற்போகும்போது வீடு தோற்றுப்போகிறது.

நம் காவிரிப் பகுதியில் இது இன்னும் கடுமை. தண்ணீர் முறைக்காக நள்ளிரவில் எழுந்தே பழகிய விவசாயி, நோய் வந்த பின்னும் மடை திறக்க வேண்டுமென்று மண்வெட்டியைத் தேடுவார். மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறப்பது வழக்கம். கல்லணை கடந்து வாய்க்காலுக்கு நீர் வந்துவிட்டால், வாசற்கதவைத் தாழிட்டோமா என்பது உயிர்க்கேள்வி. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பர். வீட்டில் வயதான மனைவி, அல்லது பகலெல்லாம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்வரும் மருமகள். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007 ஆம் ஆண்டுச் சட்டம். இரவில் மாற்றி விழித்திருக்க அது ஆள் தருவதில்லை.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்று, நோயுற்ற துணையைப் பேணிய 406 பேரைப் பற்றியது. அவர்களுள் ஒரு பாதியினருக்குத் தனி ஆலோசனையும் குடும்பத்தாரோடு கூடிய கலந்துரையாடலும் கிடைத்தன. அவ்வீடுகளில் இல்லத்தில் சேர்ப்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தள்ளிப்போயிற்று. தரப்பட்டது மருந்தன்று, பேணுபவருக்குத் துணை.

2021 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசலுக்கே இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவருகிறது. அப்போதே மருமகளிடம், “நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?” என்றும் கேட்டால் என்ன?

இரவுக் குழப்பம் திடீரென மிகுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஆகியவை காரணமாயிருக்கலாம், இவை தீரக்கூடியவை. கடையில் வாங்கும் தூக்க மாத்திரை குழப்பத்தைக் கூட்டும், விழவும் வைக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நில்லாமல், வாரத்தில் இரண்டு இரவுக்கேனும் ஓர் ஆளை ஏற்பாடு செய்யட்டும்.

அப்படியும் இயலாவிடில், இல்லத்தில் சேர்ப்பது பாவமன்று. ஆனால் தாமே நடந்து உண்பவரை மட்டும் ஏற்கும் இல்லங்கள் பல. மறதிநோயாளரை ஏற்பார்களா, இரவில் எத்தனை பணியாளர், கட்டிவைக்கும் வழக்கம் உண்டா, சொல்லாமல் வந்து பார்க்கலாமா எனக் கேளுங்கள். இதையெல்லாம் தொடையெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் வாரத்தில் கேட்க நேரமிராது. இப்போதே போய்ப் பார்த்து வாருங்கள்.